நடுக்கோட்டில் இருந்து அடித்த கோலும் மூன்று சாட்சிகளும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். யாழ்ப்பாணக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் இருக்கும் உங்கள் கழகத்துக்கு அடுத்த வருடம் 60 வயது. மலர் வெளியிடப் போகிறீர்கள். அந்தக் காலத்து முன்கள வீரர் ஒருவர் இறுதியாட்டம் ஒன்றில் நடுக்கோட்டில் நின்று அடித்த கோலைப் பற்றி மூன்று பெரியவர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஆண்டு வேறு, எதிரணி வேறு, ஒருவர் கணக்கில் அடித்த ஆளே வேறு. வட்ஸ்அப் குழுவில் ஊரும் ரொறன்ரோவும் பாரிசும் சேர்ந்து சண்டை. "யார் சொல்வதை எழுதுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் விளங்கிக்கொண்டபடி கேள்வி அந்த ஒரு கோலோடு முடியவில்லை. எழுத்தில் அதிகம் பதியப்படாத கழகம் ஒன்றின் பழைய வீரர்களை, ஆட்களின் ஞாபகத்தை வைத்து, பிழை குறைவாகவும் ஒருவருக்கும் மனம் நோகாமலும் எழுதுவது எப்படி என்பதே நீங்கள் கேட்பது. அதற்கு வழி உண்டு. முதல் வேலை, குழுவில் நடக்கும் அந்த விவாதத்தை இன்றைக்கே நிறுத்தி வைப்பது.

நாலு பேர் சேர்ந்திருந்து கதைத்தால் கூடுதலாக ஞாபகம் வரும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். உளவியல் ஆய்வுகள் மறுதலையாகக் காட்டுகின்றன. நாலு பேர் ஒன்றாக இருந்து சொல்வதைவிட, அதே எண்ணிக்கையான ஆட்கள் தனித்தனியே சொன்னதைக் கூட்டினால் விவரம் அதிகம். ஒருவர் தொடங்கிய வழியிலேயே மற்றவரின் மனமும் போய்விடுவதால், அந்த மற்றவரின் சொந்த வழியில் வந்திருக்கக்கூடியது வராமல் போகிறது. அதோடு, ஒருவர் சொன்ன பிழையான விவரம் கேட்டுக்கொண்டிருந்தவருடைய ஞாபகத்துக்குள் நுழைந்து, கொஞ்சக் காலத்தில் "நான் என்ர கண்ணால கண்டது" ஆகிவிடும். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறார். ஆகவே ஒருவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு பக்க ஆதரவாளர்களும் ஒரே ஆட்டத்தை ஒரே மாதிரிப் பார்ப்பதும் இல்லை. 1951 இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழகங்கள் ஆடிய அமெரிக்கக் காற்பந்து ஆட்டம் ஒன்றின் படச்சுருளை இரு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். டார்ட்மத் அணி செய்த தவறுகள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது, டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப்போல இரண்டு மடங்கு. படத்தை முன்னால் வைத்துக்கொண்டே இப்படியென்றால், ஐம்பது வருடம் கழித்து என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

உங்களுக்கு நேரடியாக உதவும் இன்னொரு ஆய்வு 1977 இல் பாட்லி, ஹிட்ச் என்ற இருவர் ரக்பி வீரர்களிடம் செய்தது. பருவத்தில் எந்தெந்த அணிகளோடு ஆடினோம் என்பதை மறப்பதற்கு, கடந்துபோன நாட்களைவிட இடையில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கைதான் கூடிய காரணமாக இருந்தது. இதன்படி பார்த்தால், பதினைந்து வருடம் விடாமல் ஆடிய நட்சத்திர வீரரைவிட, இரண்டே இறுதியாட்டம் ஆடிவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போனவர் அந்த இரண்டையும் தெளிவாகச் சொல்லக்கூடும். மலர் செய்பவர்கள் பிரபலமானவர்களிடம் மட்டும் போய் வந்துவிடுகிறார்கள். மாற்று ஆளாக வாங்கில் இருந்தவர், கோல் காப்பாளர், கோடு போட்டவர், பந்து பொறுக்கி எறிந்த பொடியன், எதிரணியில் ஆடியவர், மத்தியஸ்தம் செய்தவர், ஜேர்சி தோய்த்துக் காயவிட்ட அக்காமார் ஆகிய எல்லோரையும் பட்டியலில் போடுங்கள். இருபது, இருபத்தைந்து பெயர் போதும். போகும் ஒழுங்கு வயதையும் உடல்நிலையையும் பொறுத்தது. 85 வயதுக்காரர் இந்தக் கிழமை, 60 வயதுக்காரர் அடுத்த மாதம்.

ஒரு சந்திப்பு ஒரு மணித்தியாலம், கூடினால் ஒன்றரை. அதற்கு மேல் முதியவர் களைத்து, "ஓம் தம்பி, அப்பிடித்தான்" என்று நீங்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டத் தொடங்குவார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னான காலை நேரம் நல்லது. மகனோ பழைய தோழரோ பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சேர்த்து இருத்துவது இரண்டாவது சுற்றில். கைத்தொலைபேசியே போதும். விமான நிலையில் (ஃபிளைட் மோட்) போட்டு, வாயிலிருந்து இரண்டு அடிக்குள் ஒரு துணியின் மேல் வையுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். சுருக்கப்பட்ட எம்பி3 இல்லாமல் வேவ் கோப்பாகப் பதிவு செய்தால், 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ், ஒற்றை ஒலிவழியில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரை கிகாபைட் வரும். தொடக்கத்தில் திகதி, இடம், பேசுபவரின் முழுப்பெயர், பதிவுக்கு அவருடைய சம்மதம் ஆகிய நான்கையும் குரலிலேயே எடுத்துவிடுங்கள். பிற்காலத்தில் கோப்பின் பெயர் மாறினாலும் குரல் மாறாது.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் பாதி வேலை. "அந்தக் கோலை அவர்தானே அடிச்சவர்?" என்று கேட்டால் பதிலை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். புகழ்பெற்ற கோலில் தொடங்கவும் வேண்டாம். அது நூறு தடவை சொல்லி மெருகேறிய கதை. அதைத் தொடக்கத்தில் கேட்டால் அந்த மெருகிலேயே மற்றதும் வரும். "நீங்கள் எங்க நிண்டு விளையாடினனீங்கள்?", "சப்பாத்தோ வெறுங்காலோ?", "பந்துக்கு ஆர் காத்தடிக்கிறது?", "மற்ற ஊருக்குப் போறதெண்டால் எதில போறனீங்கள்?" என்று கைகால் சம்பந்தப்பட்ட கேள்விகளில் தொடங்குங்கள். பிறகு ஒரு தாளில் மைதானத்தைக் கீறி, வட்டங்கள் போட்டு, பென்சிலை அவர் கையில் கொடுங்கள். பெயர்களை வரிசையாகக் கேட்டால் ஐந்து, ஆறோடு நின்றுவிடும். "லெப்ட் அவுட் ஆர்? அவருக்குப் பின்னால ஆர்?" என்று நிலை நிலையாகக் கேட்டால் பதினொன்றும் வர வாய்ப்பு அதிகம். இதில் இன்னொரு துப்பும் கிடைக்கும். ரைட் இன், லெப்ட் அவுட், சென்டர் ஹாஃப் என்று ஒருவர் தானாகவே சொன்னால், முன்னுக்கு ஐந்து பேர் நின்று ஆடிய பழைய அமைப்பில் பழகியவர் அவர். தாளில் ஐந்து, மூன்று, இரண்டு என்று வட்டம் போட்டுக் கொடுங்கள். இன்றைய நாலு, நாலு, இரண்டைப் போட்டுக் கொடுத்தால் அவர் குழம்பிப் பெயர்களை இடம் மாற்றிவிடுவார்.

ஆண்டுதான் அதிகம் பிழைப்பது. "எந்த வருஷம்?" என்ற கேள்விக்கு வரும் பதிலைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். ஆண்டு எண்ணாக மனதில் நிற்பது குறைவு, எதற்கு முன், எதற்குப் பின் என்பதுதான் நிற்கும். எங்கள் ஊருக்கு அப்படிப்பட்ட அடையாளக் கற்கள் ஏராளம், பெரும்பாலும் துயரமானவை. 1964 டிசெம்பர் புயல், 1974 சனவரி தமிழாராய்ச்சி மாநாடு, 1981 நூலக எரிப்பு, 1983 யூலை, 1987 ஒக்டோபர் இந்திய இராணுவச் சண்டை, 1995 ஒக்டோபர் 30 வலிகாம இடப்பெயர்வு, 2002 இல் ஏ9 பாதை திறந்தது. "லைப்ரரி எரிய முன்னமோ, பிறகோ?" என்று கேட்டால் உடனே பதில் வரும். அதற்குள் அவருடைய சொந்த வாழ்க்கையைப் பொருத்துங்கள்: கலியாணத்துக்கு முன்னமா, மூத்த பிள்ளை பிறந்த பிறகா, எந்தத் தொழிலில், யாருடைய வள்ளத்தில். இரண்டு கற்களுக்கு நடுவே இரண்டு, மூன்று வருட இடைவெளிக்குள் கொண்டுவந்துவிட்டால் அது நல்ல பலன். உலகக் கிண்ணங்களும் உதவும். மரடோனாவின் 1986 ஐ யாருடைய வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம் என்பது ஒரு தலைமுறைக்கே மறக்காது.

ஆட்டத்தின் சட்டங்களும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 உலகக் கிண்ணத்தில்தான் முதலில் வந்தன. சமநிலை தவிர்ப்பு உதை (பெனால்டி சூட்அவுட்) சட்டத்தில் சேர்ந்ததும் 1970 இல்தான், அதற்கு முன் நாணயச் சுண்டல் அல்லது மறு ஆட்டம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பந்து உலகெங்கும் பரவியது அதே 1970 போட்டிக்குப் பிறகு. வாரால் கட்டும் மண்ணிறத் தோல் பந்தை ஒருவர் நினைவுகூர்ந்தால் காலம் பின்னுக்குப் போகிறது. தன் அணிக்காரர் காலால் கொடுத்த பந்தைக் கோல் காப்பாளர் கையில் எடுக்கக்கூடாது என்ற சட்டம் 1992. ஆகவே "1966 இறுதியாட்டத்தில பெனால்டி அடிச்சு வெண்டனாங்கள்" என்று ஒருவர் சொன்னால் கதை முழுக்கப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். ஆண்டு பிந்தியதாக இருக்கலாம், அல்லது ஆட்ட நேரத்தில் கிடைத்த தண்ட உதையைச் சொல்கிறார். ஒரு விடயத்தை மறக்காதீர்கள்: உலகில் சட்டம் வந்த ஆண்டு கீழெல்லையை மட்டும்தான் சொல்லும். நமது திடல்களுக்கு அது வந்து சேர எவ்வளவு காலம் எடுத்தது என்பது வேறு கணக்கு. இடப்பெயரும் இப்படித்தான் ஏமாற்றும். 1950களின் ஆட்டத்தைத் "துரையப்பாவில நடந்தது" என்று சொல்வார்கள். 1975 இல் கொல்லப்பட்ட மேயரின் பெயரைத் தாங்கிய மைதானத்தின் இன்றைய பெயர் பின்னோக்கிப் போய் ஒட்டிக்கொண்டது அது. அதேபோல் 2016 இல் புதுப்பித்துத் திறந்த அரங்கின் தோற்றத்தைப் பழைய ஆட்டத்துக்குப் பின்னணியாகச் சொல்வதும் நடக்கும்.

இனி அந்தக் கோல். தூரம் ஞாபகத்தில் நீளக்கூடும், 25 மீற்றர் நாற்பதாகலாம். அடித்ததைப் பார்த்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக அதே திடலுக்குக் கூட்டிக்கொண்டு போய், "எங்க நிண்டு அடிச்சவர்?" என்று கேட்டு அந்த இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். அளவு நாடாவால் கோல் கோட்டிலிருந்து அளந்து எழுதிவிட்டு, அடுத்தவர் வருமுன் கல்லை எடுத்துவிடுங்கள். தண்டப் பரப்பின் விளிம்பு 16.5 மீற்றர். 100 மீற்றர் திடலில் நடுக்கோடு 50 மீற்றர். மூன்று கற்களும் 30க்கும் 40க்கும் இடையில் விழுந்தால், "நடுக்கோட்டுக்கும் தண்டப் பரப்புக்கும் இடையில் இருந்து" என்று எழுதலாம். யாருக்கும் குறைவில்லை. அவர்கள் நின்று பார்த்த இடத்தையும் கேளுங்கள். கோலுக்குப் பின்னால் நின்றவருக்குத் தூரம் பிடிபடாது, பக்கக் கோட்டில் நின்றவருக்குப் பிடிபடும். அதோடு எந்தக் கோல் கம்பம், எந்த மாதம் என்று கேளுங்கள். கடற்கரைத் திடலில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே உயர அடித்த பந்து எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்கே தெரியும். வாடைக் காலத்தில் அதே பக்கம் நோக்கி அப்படி ஒரு கோல் போனது என்றால் கொஞ்சம் நிதானித்துத்தான் எழுதவேண்டும். அடித்த ஆள் யார் என்பதில் வரும் முரணுக்குப் பெரும்பாலும் காரணம், இரண்டு வேறு ஆட்டங்களின் இரண்டு நல்ல கோல்கள் காலப்போக்கில் ஒன்றாகிவிடுவது. மூன்று பேரும் மூன்று ஆண்டு சொல்வது அதற்கான அறிகுறி. ஒரு கோலைத் தேடுவதை விட்டுவிட்டு, இரண்டாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு திரும்பக் கேளுங்கள்.

ஆளை அடையாளம் காண்பதில் நம் ஊர்ச் சிக்கல்கள் தனி. எல்லோருக்கும் பட்டப்பெயர். ஒரே பட்டப்பெயர் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தகப்பனிடமிருந்து மகனுக்கும் போகும். "அன்ரன்" என்ற பெயரில் ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில் ஒரே காலத்தில் நாலு பேர் இருப்பார்கள். அதனால் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு அட்டை போடுங்கள்: முழுப்பெயர், முதலெழுத்து, பட்டப்பெயர்கள், பிறந்த ஆண்டு, ஆடிய நிலை, ஆடிய காலம், யார் சொன்னது. முதலெழுத்து முக்கியம். அது தகப்பனுடைய பெயர் என்பதால் தலைமுறையைப் பிரித்துக் கொடுக்கும். 1958 இல் பிறந்தவர் 1969 கிண்ண அணியில் ஆடியிருக்க முடியாது, அவருடைய அண்ணனைத் தேடுங்கள். சுற்றுப்போட்டிக்கு மட்டும் வெளியூரிலிருந்து வந்து நம் ஜேர்சியில் ஆடியவர்களையும் தனியாகக் குறியுங்கள். அவர்களை நம் வீரர் என்று நாம் எழுத, அவர்களுடைய ஊர் மலரும் அப்படியே எழுத, பிறகு வீண் மனக்கசப்பு. பட்டப்பெயரை அச்சிட முன் குடும்பத்தைக் கேளுங்கள். திடலில் அன்பாகக் கூப்பிட்டது அச்சில் அவமதிப்பாக நிற்கக்கூடும், சாதியைச் சுட்டுவதாக இருந்தால் நிச்சயமாக வேண்டாம்.

எழுத்துச் சான்று இல்லை என்று நினைப்பீர்கள். தேடினால் இருக்கும். நான் முதலில் கைவைக்கச் சொல்வது கல்வெட்டுகளில், அதாவது ஒருவர் இறந்து 31ஆம் நாளில் கொடுக்கும் நினைவு மலர்களில். பிறந்த திகதி, படித்த பாடசாலை, உடன்பிறந்தவர்கள், சில வேளை கழகத்தின் அனுதாபச் செய்தி, இளமைக்காலப் படம் எல்லாம் அதில் கிடைக்கும். புகழ்ச்சி அதன் இயல்பு, ஆகவே திகதிகளுக்கும் உறவுகளுக்கும் நம்புங்கள், "வட மாகாணத்தின் தலைசிறந்த" போன்ற வரிகளுக்கு வேண்டாம். அடுத்து, வெற்றிக்கிண்ணங்களில் வெட்டிய எழுத்து. வெண்கட்டித் தூளை மெல்லத் தடவிப் பக்கவாட்டில் ரோர்ச் அடித்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும், பிராசோ போட்டுத் தேய்த்தால் இருப்பதும் போய்விடும். சனசமூக நிலையத்தின் கூட்ட அறிக்கைக் கொப்பி, பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு, பாடசாலைச் சஞ்சிகை, சுற்றுப்போட்டித் துண்டுப்பிரசுரம் ஆகியவையும் உதவும். பத்திரிகைகளில் ஈழநாடு 1959 இலும் உதயன் 1985 இலும் தொடங்கியவை. 1981 இல் யாழ் நூலகத்தோடு ஈழநாடு அலுவலகமும் எரிந்ததால் ஊரிலேயே பழைய இதழ்கள் முழுமையாகக் கிடைப்பது கடினம். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தையும், 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தையும் பாருங்கள். அத்தளத்தில் பாடசாலை மலர்கள், ஊர் மலர்கள் ஏராளம். பத்திரிகைச் செய்தியும் வேதவாக்கு இல்லை. சிறு ஆட்டங்களின் செய்தியைக் கழகச் செயலாளரே எழுதிக் கொடுப்பது வழக்கம் என்பதால் தோல்விகள் குறைவாகவே அச்சேறும். செய்தி வந்த திகதி ஆட்டம் நடந்த திகதியும் ஆகாது.

படங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அஞ்சலட்டை அளவுப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் மலரில் முழுப்பக்கத்துக்குத் தாங்கும். பசை அல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், மேற்தோல் கிழிந்து முகம் போய்விடும். அல்பத்தோடு வைத்து, கண்ணாடி மின்னாதபடி யன்னலோர வெளிச்சத்தில் படம் எடுங்கள். பின்பக்கத்தில் எழுதவேண்டுமென்றால் மென்மையான பென்சில் மட்டும், பேனையின் மை முன்பக்கம் ஊறும். குழுப்படத்தின் பிரதியில் ஒவ்வொரு தலைக்கும் இலக்கம் போட்டு, வெறும் இலக்கப் பட்டியலோடு தனித்தனியே மூன்று பேரிடம் கொடுங்கள். இரண்டு பேர் ஒத்துச் சொன்ன முகத்துக்கே பெயர் போடுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் பெயரோடு கேள்விக்குறி. வெற்றுக் கட்டமும் குற்றமில்லை, பிழைப்பெயர்தான் குற்றம்.

இதை எழுதும்போது மனம் கனக்கிறது, ஆனாலும் விட முடியாது. 1970களின் பிற்பகுதியிலிருந்து 2009 வரையான எந்த அணிப்படத்தை எடுத்தாலும் அதில் இல்லாமல் போனவர்கள் இருப்பார்கள். கொல்லப்பட்டவர், காணாமல் ஆக்கப்பட்டவர், இயக்கத்துக்குப் போனவர், கடலுக்குப் போய் வராதவர். "காலமானார்" என்று எல்லோருக்கும் ஒரே சொல்லைப் போடாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் இன்னும் தேடிக்கொண்டிருக்கும்போது அச்சில் "அமரர்" என்று வருவது அவருக்குச் செய்யும் பெரிய கொடுமை. எந்தச் சொல் போடுவது, படம் போடுவதா, இயக்கத் தொடர்பைக் குறிப்பதா என்பதைக் குடும்பமே தீர்மானிக்கட்டும். உயிரோடு இருப்பவரைப் பற்றி அப்படி எதுவும் அவருடைய சம்மதம் இல்லாமல் வரவே கூடாது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் உங்கள் கழகத்துக்கு ஆடியவர்களும் உங்களுக்கு எதிராக ஆடியவர்களும் இருந்தால், புத்தளத்துக்குத் தொலைபேசி எடுங்கள். அவர்களுடைய பெயர் விடுபட்டால் அந்த அணியின் படம் அரைகுறைதான். எதிரணிக்காரரின் ஞாபகம் உங்களுக்கு மிகவும் தேவையான சாட்சியமும்கூட. உங்கள் வீரரைப் புகழ்வதில் அவருக்கு எந்த இலாபமும் இல்லை.

எழுதும்போது மூன்று வகையான வசனம் போதும். சான்று இருப்பதை நேராக எழுதுங்கள்: "கிண்ணத்தில் வெட்டியுள்ளபடி." தனித்தனியே கேட்ட இருவருக்கு மேல் ஒத்துச் சொன்னதை "அக்கால வீரர்கள் பலர் நினைவுகூர்வது" என்று எழுதுங்கள். ஒருவர் மட்டும் சொன்னதை அவருடைய பெயரோடு, அவர் சொன்ன பேச்சு நடையிலேயே மேற்கோளில் போடுங்கள். முரண்படும் இடத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் போடலாம், தீர்ப்பு வேண்டாம். இந்த முறையால் எட்டமுடியாதவையும் உண்டு. யார் எல்லோரிலும் சிறந்தவர், அந்தக் காலத்து ஆட்டம் இன்றையதைவிட நல்லதா என்பதை எந்தச் சான்றும் சொல்லாது. பதினெட்டு இருபது வயதில் பார்த்ததுதான் மனிதருக்கு ஆழமாகப் பதியும், அந்த வயதில் பார்த்த வீரரே அவரவருக்குச் சிறந்தவர். ஆகவே "எங்கள் கழகத்தின் தலைசிறந்த பதினொருவர்" என்ற பக்கம் மட்டும் போடாதீர்கள். அறுபது வருட உறவுகள் அந்த ஒரு பக்கத்தால் உடையும்.

அச்சுக்குக் கொடுக்க ஒரு மாதம் முன்னதாக, ஆண்டுவாரியாக அணிப் பெயர்களை மட்டும் பெரிய எழுத்தில் அடித்து வாசிகசாலைப் பலகையில் ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு பேனையும் வெற்றுத்தாள்களும் தொங்கட்டும். அதே பட்டியலின் படத்தை வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள், குழுவில் போடவேண்டாம். இரண்டு கிழமைக்குள் வரும் திருத்தங்களையும், யார் சொன்னது என்பதோடு, அந்தந்த வீரரின் அட்டையில் ஏற்றுங்கள்.